பல் உடைந்த கேசட்

போன வியாழக்கிழமை என் மகள் என் கைபேசியில் இடம் போதவில்லை என்று சொல்லி, அதில் இருந்த பழைய காணொளிகளை எல்லாம் அழித்துவிட்டாள். பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. பள்ளி ஆண்டு விழா, மாடித் தொட்டியில் காய்த்த முதல் கத்தரிக்காய், யாரோ அனுப்பிய பூனைகள். ஆனால் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பதின்மூன்று வயது. அடுத்த ஒரு மணி நேரம் நான் அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. தட்டலாமா, தட்டினால் இன்னும் கோபம் வருமா, தட்டாமல் விட்டால் ஏதாவது ஆகிவிடுமா என்று தெரியவில்லை. கடைசியில் அவளே வெளியே வந்து தோசை கேட்டாள். நாலைந்து நாள் ஆகியும் படபடப்பு முழுதாக அடங்கவில்லை.

இத்தனைக்கும், ஒன்றை அழித்துவிட்டதற்காக யாரையும் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. அவளைவிட மூன்று வயது சின்னவளாக இருந்தபோது நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட.

அப்போது நாங்கள் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், நான். சித்தப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரு விடுமுறைக்கு வந்தவர் எங்களுக்காக ஒரு டெக் கொண்டுவந்தார். வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் பெட்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதில் படம் பார்க்கலாம் என்பது ஊருக்கே தெரியும். டிவியில் ஓடுவதைப் பிடித்தும் வைக்கலாம் என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்போல இருந்தது. சித்தப்பா மூன்று கேசட் கொடுத்தார். ஒன்றில் அவருடைய கல்யாணம். ஒன்றில் நாங்கள் பார்க்கக் கூடாத ஏதோ அரபு நடனம். அதை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்தாள். மூன்றாவதுதான் வெற்றுக் கேசட். திரும்பிப் போகும்போது அண்ணனுக்கு மட்டும் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும், எண் எங்கே ஓடும், கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் அழிக்க முடியாது என்பது வரை. கல்யாணக் கேசட்டின் பல்லை அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஒரு வெற்றுக் கேசட்டுக்கு மூன்று பேர். அம்மா செவ்வாய்க்கிழமை நாடகத்தைப் பிடித்து வைப்பாள். பக்கத்து ஊரில் இருந்த பெரியம்மா வீட்டில் டிவி இல்லை. அவர்கள் வெள்ளிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அண்ணனுக்குக் கிரிக்கெட். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் ஒரு இந்தித் தொடர். அதில் ஒரு பெண்ணும் ஒரு கரடியும் வருவார்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தக் கரடி அவளுக்குத் தலை வாரிவிடும். அதற்காகவே நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

யார் எங்கிருந்து எங்கு வரை என்று அண்ணன் ஒரு நோட்டில் எண்களை எழுதி வைத்திருந்தான். அந்த எண்களை மதித்தவர் எவரும் இல்லை, அவன் உட்பட. ஒரு வெள்ளிக்கிழமை, பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாடகத்தில் கதாநாயகி நடுங்கும் கையோடு ஒரு கடிதத்தைப் பிரிக்கப் போனாள். சட்டென்று ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"என்னடி இது, யாரு இவன்?" என்றார் பெரியம்மா.

"நான் பெத்ததுதான் இந்த வேலையைச் செஞ்சிருக்கு" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு என்ன படிச்சான்னு இனிமே அவன்தான் வந்து சொல்லணும்."

அண்ணன் கொல்லைப் பக்கமாகப் போனவன் விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தான்.

இந்தச் சண்டைகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அந்த மார்கழியில் அப்பா கேசட்டின் முதல் அரை மணி நேரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதுவரை அவர் டிவிக்கு எதிரே உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

காரணம் இதுதான். அப்பா வயலில் எலித் தொல்லைக்கு மருந்து வைக்காமல், மூங்கில் கம்பின் தலையில் குறுக்குக் கட்டை கட்டி, அங்கங்கே நட்டு வைத்திருந்தார். இரவில் ஆந்தை வந்து அதில் உட்காரும், எலியைப் பிடிக்கும். அக்கம்பக்கத்து வயலில் எலி வெட்டிய வெட்டுக்கு எங்கள் வயலில் கால்வாசிகூட இல்லை. வேளாண்மை அதிகாரி வந்து பார்த்துவிட்டு, டிவிக்காரர்களை ஜீப்பில் கூட்டிவந்தார். சாயங்காலம் ஆறரை மணிக்கு வரும் விவசாய நிகழ்ச்சிக்காக அப்பாவைப் பேட்டி எடுத்தார்கள். நாங்கள் வரப்பில் நின்றோம்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா மைக்கை நீட்டி, "இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

அப்பா கழுத்து வரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையில் விறைத்து நின்றார். "எங்கப்பாகிட்டேருந்துங்க" என்றார். "இது அவரு பண்ணையாளா இருந்த வயலு. பொழுதுக்கும் எலிக்கு கிட்டி வைக்கிறதுதான் அவரு வேலை. சாஞ்சு கெடந்த ஒரு கம்புல ஆந்தை வந்து ஒக்காந்து எலி புடிக்கிறத அவருதான் பாத்தாரு. பண்ணையில சொன்னாரு, யாரும் கேக்கல. அவரு பேரு மாரிமுத்து. இப்ப இது எங்க வயலு."

அந்த அம்மா தலையாட்டினார். மற்றதெல்லாம் எத்தனை கம்பு, எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்ற கேள்விகள். ஜீப் கிளம்பும்போது அதிகாரி அப்பாவின் தோளில் கை வைத்து, "நல்லா பேசினீங்க. பண்ணையாள் அது இதுன்னு சொன்னதெல்லாம் எதுக்கு? அதை வெட்டிடுவாங்க. எலி, ஆந்தை, அது போதும்" என்றார். எப்போது போடுவார்கள் என்று அப்பா கேட்டார். ஒரு மாதத்துக்குள் வரும், எந்த நாள் என்று சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார்கள்.

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. வாரத்தில் ஐந்து நாள், ஆறே காலுக்கே வீடு பரபரக்கத் தொடங்கிவிடும். அந்த வருடம் மேட்டூர் அணையைச் சீக்கிரமே மூடிவிட்டதால் ஆற்றில் தண்ணீர் நின்றுபோய், பின்தங்கிய வயல்களுக்கு மோட்டார்தான் கதி. அத்தனை மோட்டாரும் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில்தான். ஆறரைக்குத்தான் எல்லா மோட்டாரும் ஓடும். படம் நாலு பக்கமும் சுருங்கி, தபால் தலை அளவுக்கு வந்து நிற்கும். ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். அண்ணன் ஓடிப்போய் வாய்க்கால் மேட்டு மோட்டார்காரரிடம் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவான்.

"ஒங்கப்பன் மூஞ்சியக் காட்டுறதுக்கு என் பயிரு காயணுமாடா?" என்பார் அவர். ஆனால் நிறுத்திவிடுவார்.

அப்பா கால் கழுவி, அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். டிவி தன்னைப் பார்க்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கேசட்டை முதலுக்குச் சுற்றி, நேற்றுப் பிடித்ததன் மேலேயே இன்று பிடிக்க வேண்டும். பேராவூரணியில் தென்னைக்கு வண்டு. ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல். உளுந்துக்கு மஞ்சள் நோய். எங்கள் வீட்டில் யாருக்கும் தென்னை கிடையாது, ஆடு கிடையாது. ஆனாலும் கோழி அம்மையின் அறிகுறிகளை நான் இன்றும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அரை மணி முடிந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். "நாளைக்கு வரும்" என்பார். சற்று நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "வந்தாலும் எதை வெட்டுவாங்கன்னு தெரியல" என்பார்.

அவருக்கு என்ன கவலை என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தாத்தாவின் பெயர்தான் எங்களுக்கெல்லாம் தெரியுமே, அதை டிவி வேறு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இதில் இன்னொருவரும் காத்திருந்தார். அந்த நிலத்துக்குப் பழைய சொந்தக்காரர். ஊரில் எல்லோரும் அவரைப் பெரிய வீட்டு ஐயா என்பார்கள். தாத்தா இருந்தவரை அவரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டாராம். அவருடைய பிள்ளைகள் எல்லாம் சென்னைக்குப் போன பிறகு, எட்டு மா நிலத்தை அப்பாவுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தினமும் காலையில் மொபெட்டில் வாய்க்கால் கரையோடு வருவார். எங்கள் மதகில் நிறுத்தி, "என்னடா, நம்ம சம்பா எப்படி இருக்கு?" என்பார். நாற்பது வயது அப்பா, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, "நல்லாருக்குங்கய்யா" என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். மொபெட்டின் முன்பெட்டியில் புளிப்பு மிட்டாய் வைத்திருப்பார். படம் எடுத்த அன்று அவர் சென்னையில் இருந்தார். திரும்பி வந்ததும், "நம்ம வயலை டிவியில காட்டுறாங்களாமே. நானும் தினம் பாக்குறேன், வருவேனாங்குது" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தை முடிய அறுவடை வந்தது. அடித்த நெல்லை வண்டியில் ஏற்றி, அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார் அப்பா. அங்கே போனால் முறை வரும்வரை நெல்லுக்குப் பக்கத்திலேயே கிடக்க வேண்டும். களத்தில் கொட்டிய குவியலை விட்டு நகர்ந்தால் முறையும் போகும், பனி இறங்கினால் மூடவும் ஆள் இருக்காது. சனிக்கிழமை கிளம்பும்போது அண்ணனைக் கூப்பிட்டு, "திங்கக்கெழமை நான் வர மாட்டேன். டெக்கை நீதான் பாத்துக்கணும்" என்றார். "வயலப் போய்ப் பாக்கலேன்னாலும் ஒண்ணுமில்ல, இத விட்டுறாத." அதற்கு முன் அப்பா அண்ணனிடம் எதையும் அப்படிக் கேட்டுக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரடித் தொடரின் கடைசிப் பகுதி. கரடியைக் காட்டுக்குள் விட்டுவிட்டு அந்தப் பெண் திரும்பி நடக்கிறாள். கரடி அவள் பின்னால் வரவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே பிடித்து வைத்தேன். அப்பாவின் அரை மணியைத் தாண்டி, நோட்டில் எழுதியிருந்த எண்ணில் சரியாக ஆரம்பித்து. முடிந்ததும் அண்ணன் வந்து எண்ணைப் பார்த்துவிட்டு, "செவ்வாக்கெழமை மேட்ச். அப்பாவோட அரை மணிக்கு அப்புறம் கடைசி வரைக்கும் எனக்கு" என்றான்.

"என்னோடது இருக்கு."

"போன வாரமும்தான் இருந்துச்சு. கரடிக்கெல்லாம் எடம் இல்ல."

அம்மாவிடம் போனேன். அம்மா அவிந்த நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு எங்கயாவது போங்க" என்றாள்.

அண்ணன் குளிக்கப் போனதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பல்லை உடைத்தால் உள்ளே இருப்பதை யாரும் அழிக்க முடியாது. சித்தப்பா சொன்னது அதுதான். என் புத்திக்கு அது எப்படிப் பட்டதென்றால், இதுவரை பிடித்ததெல்லாம் பத்திரம். அப்பாவின் அரை மணி நேரத்தில் தினமும் அழித்து அழித்துத்தானே பிடிக்கிறோம், அது வேறு, அது அப்படியே நடக்கும். கேசட்டுக்கு எது என் கரடி, எது கோழி அம்மை என்று தெரியும் என்று நினைத்தேன். பல் சுலபமாக உடைந்தது. ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. அதை ஜன்னல் வழியாக எறிந்தேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கு அண்ணன் எல்லாம் தயாராக வைத்திருந்தான். மோட்டார்காரரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தான். நிகழ்ச்சியின் தொடக்க இசை வந்ததும் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினான். டெக் 'கிர்' என்று முனகிவிட்டுக் கேசட்டை வெளியே தள்ளியது. நாக்கை நீட்டுவதுபோல. அவன் திரும்ப உள்ளே தள்ளினான். திரும்ப அமுக்கினான். திரும்பத் தள்ளியது.

"வோல்டேஜ் இல்லம்மா" என்றான்.

"நிறுத்திட்டாருன்னு சொன்னியே?"

"வேற யாரோ ஓட்டுறாங்க. போய்ச் சொல்லு."

அம்மா வாசலுக்கு ஓடினாள். அவள் தெருவில் நின்று கத்துவது உள்ளே கேட்டது. அப்போது அண்ணன் சொன்னான், "அப்பா."

டிவியில் அப்பா. எங்கள் வரப்பு, எங்கள் கம்பு, அந்தச் சட்டை. முகம் கறுத்துப் பளபளத்தது. அண்ணன் கேசட்டை உள்ளே குத்தினான். பெட்டியின் தலையில் அடித்தான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். "அம்மா, அப்பா வந்துட்டாரு, அம்மா" என்று கத்திக்கொண்டே இருந்தான். கேசட் வெளியே வந்து வந்து எட்டிப் பார்த்தது. எனக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்டது. சொன்னால் ஒரு நொடியில் சரி செய்திருக்கலாம். ஒரு துண்டுப் பிளாஸ்திரியை ஒட்டினால் போதும், அதுவும் சித்தப்பா சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது அப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. காதுக்குள் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. பிறகு எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஒரு ஆந்தை கழுத்தைத் திருப்பியது. அப்பா போய்விட்டார்.

அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "எங்க?"

அண்ணன் கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் முகம் மாறியது. என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "நான்தாம்மா" என்றான் மெதுவாக. "கல்யாணக் கேசட்டோட சேத்து இதையும் ஒடச்சிட்டேன் போலருக்கு."

முந்தின நாள் காலைவரை அதே கேசட்டில்தான் பிடித்தோம் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. பிறகும் வரவில்லை. இன்றும் அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். அவசரமாக ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, மிச்சம் இருந்ததைப் பிடித்தான். வேதாரண்யம் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு தெளிவாகப் பதிவாகியது. மறுநாள் மேட்சைப் பிடிக்க அவன் டெக் பக்கமே வரவில்லை.

அப்பா புதன்கிழமை காலையில் வந்தார். நெல் போட்டாகிவிட்டது. வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி, டிவியில் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நடையே வேறு மாதிரி இருந்தது. கால் கழுவினார். நெல் சொணை போகக் குளித்தார். சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போடு" என்றார்.

அண்ணன் போட்டான். எதற்குப் போட்டான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கும். மீனவர்களுக்கான அறிவிப்பு வந்தது. பின்னால் வெள்ளிக்கிழமையின் வாழைக்கன்று. அப்பா பொறுமையாக வாழைக்கன்று முழுவதையும் பார்த்தார். அது முடிந்து கரடி வந்ததும்தான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் சொன்னான். அழுதான். அவனுக்கு அப்போது பதினேழு வயது, அழுது நாங்கள் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

அப்பா அடிப்பார் என்று அம்மா நடுவில் வந்து நின்றாள். அவர் எழுந்திருக்கவே இல்லை. "சரி, போச்சு" என்றார். "பாத்தீங்கல்ல. எங்கப்பா பேரு வந்துச்சா?"

அண்ணன் டெக்கை அணைத்தான்.

"நான் தெருவுல நின்னேங்க" என்றாள் அம்மா.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ டிவிக்கு முன்னாடியே ஒக்காந்திருந்தியாமே. தாத்தா பேரு வந்துச்சா, பாப்பா?"

"வந்துச்சுப்பா" என்றேன்.

"என்னன்னு?"

"மாரிமுத்துன்னு."

"பண்ணையாளுன்னு வந்துச்சா?"

தலையை ஆட்டினேன். எவ்வளவு வேகமாக ஆட்டினேன் என்றால், அவர் என் முகவாயைப் பிடித்து நிறுத்தினார். "சரி, சரி" என்றார். அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் ஊரெல்லாம் கேட்டார். நேரடியாகக் கேட்கவும் கூச்சம். "நல்லா வந்துச்சா? என்ன பேசுனேன்?" என்று சுற்றி வளைப்பார். டீக்கடைக்காரர், "சட்டை நல்லாருந்துச்சு" என்றார். மோட்டார்காரர், "மோட்டாரை நிறுத்தச் சொல்லிட்டு ஒன் பொண்டாட்டி தெருவுல நின்னு கத்துது, நான் எங்க பாக்குறது" என்றார். ஒருத்தர் ஆந்தையைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கேட்டவர் ஒருவரும் இல்லை. அப்பா அந்த வாரம் முழுக்க எதிலும் நிலைகொள்ளாமல் இருந்தார். உட்காருவார், எழுந்திருப்பார், வயலுக்குப் போவார், போன வேகத்தில் திரும்புவார். அம்மா அண்ணனோடு பேசவில்லை. அண்ணன் யாரோடும் பேசவில்லை. நான் ராத்திரி பகலாகப் பயந்து பயந்து, சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தேன். கண் பட்டிருக்கிறது என்று அம்மா எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறுத்த தாளுக்கு இடையில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. நான் மதகில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். மொபெட் சத்தம் கேட்டது. கொள்முதல் நிலையத்திலிருந்து வந்த பிறகு அப்பா பெரிய வீட்டு ஐயாவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் மிட்டாய்க்காக எழுந்து நின்றேன். அப்பா வரப்பிலிருந்து மேலே ஏறி வந்து, வழக்கம்போல வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நின்றார்.

மொபெட் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. ஐயா நேராகப் பார்த்துக்கொண்டு போனார். எங்களை நன்றாகத் தாண்டிய பிறகு, கழுத்தைத் திருப்பாமலே, பக்கவாட்டில் துப்பினார். புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அப்பா மொபெட் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உதடு ஓரம் மெல்ல இழுத்துக்கொண்டது.

"வந்திருக்கு" என்றார். என்னிடம் இல்லை. "வெட்டல. அப்படியே வந்திருக்கு."

"நான்தான் சொன்னேனேப்பா" என்றேன். நான் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிட்டதில் எனக்கு வந்த நிம்மதியில், ஐயா ஏன் நிற்காமல் போனார் என்பது பெரிதாகப் படவில்லை. மிட்டாய் போனதுதான் வருத்தம். "அவரு ஏம்ப்பா கோவமா போறாரு? நாளைக்கு நான் நிறுத்தச் சொல்லட்டா?"

"வேணாம்" என்றார் அப்பா. குனிந்து வேட்டியின் நுனியை எடுத்து, முழங்காலுக்கு மேலே மடித்து இறுக்கிக் கட்டினார். "வா, வீட்டுக்குப் போவோம்."

வயலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாய்க்கால் கரையோடு ஒரு வழி உண்டு. குறுக்கு வழி, இரண்டு பக்கமும் மரம். எப்போதும் அதில்தான் போவோம். அன்று அப்பா அதில் திரும்பாமல், பெரிய வீட்டுத் தெரு வழியாகத் தார் ரோட்டில் நடந்தார். அது சுற்று. நிழலே கிடையாது. மாசி வெயில் தாரில் கொதித்தது. எனக்குக் காலில் செருப்பு இல்லை.

"அந்த வழியில போலாம்ப்பா. சுடுது."

"நடந்து வா."

"தூக்கிக்கப்பா."

"பத்து வயசாவுது. நல்லா நடந்து வா" என்றார். அவர் மெதுவாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவர்போல நடந்தார். பெரிய வீட்டு வாசலுக்கு நேரே வந்தபோது இன்னும் மெதுவாக. உள்ளே கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை, வேட்டியை இறக்கவும் இல்லை. அவர் முழங்காலில் காய்ந்த சேறு வெடித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே, குதிகாலை மட்டும் ஊன்றி, அவருக்கு என் மேல் கொஞ்சம்கூட இரக்கம் இல்லை என்று மனதுக்குள் திட்டியபடி நான் பின்னால் போனேன்.